ஊராத்துறையும் உடைகலச் சட்டமும்

யாழ்ப்பாண நாட்டின் பண்டை வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் நல்லூரையே முதற்கண் நோக்குவர். அரசு வீற்றிருந்த இடம் அதுவாதலின் அங்ஙனம் நோக்குதல் இயல்பே. ஆயினும், கடல் சூழ்ந்த நாட்டுக்குத் துறைமுகமே தலைவாயில். அவ்வாயில் வழியாக யாவர் வந்தனர், எப்பொருள் வந்தது, வந்தவர் எங்ஙனம் நடத்தப்பட்டனர் என்னும் வினாக்களுக்கு விடை காணாதவழி அந்நாட்டின் வரலாறு நிறைவுறாது. வட இலங்கையில் இவ்வினாக்களுக்குக் கல்லிலேயே எழுதப்பட்ட விடையினைப் பெற்றுள்ள துறை ஒன்று உண்டு. அதுவே ஊர்காவற்றுறை.

இன்று அஃது ஒரு சிறு பட்டினம். ஒரு கடைவீதி, பழைய கத்தோலிக்க தேவாலயங்கள், பாடசாலைகள், ஒரு வைத்தியசாலை, ஒரு நீதிமன்றம், காரைநகருக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் 'பாதை' என்பனவே அங்கே கண்ணிற் படுவன. இச்சிற்றூரின் பெயர் சோழர் கல்வெட்டிலும் பொலனறுவை வேந்தனின் சாசனத்திலும் பொறிக்கப்பட்டிருத்தலை அறியாதார் அதனை எளிதிற் கடந்து சென்றுவிடுவர்.

ஊரின் பெயரே வரலாற்றுக்கு ஒரு திறவுகோலாகும். ஊர்காவற்றுறை என்பது பிற்கால வழக்கு. 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்கள் இதனை ஊராத்துறை என்றே கூறும். சிங்கள மக்கள் ஊராதொட்ட என்பர். அம்மொழியில் 'ஊரா' பன்றியையும் 'தொட்ட' துறையையும் குறிக்கும். பாளிமொழியிலமைந்த சூளவம்சம் குறிப்பிடும் சூகரதித்த என்னும் பெயரும் அதே பொருளைத் தருதலின், அதுவும் இத்துறையே என அறிஞர் கொள்வர். போர்த்துக்கேயர் இறங்குதுறை என்னும் பொருளுடைய தம் சொல்லால் இதனை அழைத்தனர். ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்பது அதன் திரிபு. தமிழர், சிங்களவர், பாளி நூலாசிரியர், பறங்கியர் ஆகிய நால்வரும் வேறு வேறு மொழியிற் பெயரிட்டாராயினும், அப்பெயர்கள் யாவற்றிலும் துறை என்னும் பொருள் மாறாது நிற்றல் நோக்கத்தக்கது.

இவ்விடம் துறையாயமைந்தமைக்குக் காரணம் அதன் கிடக்கையே. வேலணைத் தீவின் வடமேற்கு முனையில் ஊர்காவற்றுறை உள்ளது. எதிரே காரைநகர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கடற்கால் யாழ்ப்பாணப் பரவைக்கடலின் மேற்கு வாயிலாகும். திறந்த கடலிற் காற்றும் அலையும் மிக்கெழும்போதும் இக்காலுக்குள் நுழைந்த மரக்கலம் ஒதுக்கம் பெறும். சோழமண்டலக் கரையிலிருந்து பாக்குநீரிணையைக் கடந்து வருவோர்க்கு இஃது அண்மையிலுள்ள துறையுமாகும். பாக்குநீரிணை ஆழங் குறைந்ததாதலின் பெருங்கப்பல்கள் அதனை விரும்பா. ஆனால் பண்டைக் காலத்துப் பாய்க்கலங்களுக்கு அது தடையாக இருந்திலது.

இத்துறையின் வரலாற்றைக் கற்க விரும்புவோர் ஊர்காவற்றுறையோடு அமையாது நயினாதீவுக்கும் செல்லல் வேண்டும். துறை ஓரிடத்திலும், அத்துறையைப் பற்றிய சாசனம் பிறிதோரிடத்திலும் உள்ளமையே அதற்குக் காரணம். கடந்த விடுமுறையில் யாமும் எம் குடும்பத்தினரும், நண்பர் இருவர் தத்தம் குடும்பத்தினருமாக, ஒரே நாளில் இவ்விரண்டிடங்களையும் கண்டு மீண்டோம். காலையிற் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாகச் சென்று, வாணர் தாம்போதியால் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவானில் வள்ளம் ஏறினோம். நயினாதீவில் ஸ்ரீ நாகபூஷணி அம்பாளைத் தரிசித்து, மதியம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னம் உண்டு, பிற்பகலில் மீண்டு கரம்பன் வழியாக ஊர்காவற்றுறையை அடைந்தோம். பிள்ளைகளை உடன் கொண்டு செல்வார்க்கு இவ்வொழுங்கு பெரிதும் ஏற்றது. சாசனத்தை முதலிற் கண்டு பின்னர்த் துறையைக் காணின், துறையின் பொருள் விளங்கும்.

அம்பாள் ஆலயத்திலுள்ள அக்கல்வெட்டு, பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவினது. அதனைப் படித்து விரிவாக ஆராய்ந்து 1963ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டவர் பேராசிரியர் கா. இந்திரபாலா. கல் சிதைந்துள்ளமையால் தொடக்கப் பகுதி தெளிவாக இல்லை. எஞ்சிய பகுதி உரைக்கும் செய்தி வருமாறு: பரதேசிகள், அஃதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையிலே வந்து இறங்குதல் வேண்டும்; அவர்கள் அங்கே பாதுகாக்கப்படல் வேண்டும்; பல துறைகளிலிருந்தும் பரதேசிகள் அங்கு வந்து கூடுதல் வேண்டும். யானையிலும் குதிரையிலும் தனக்கு விருப்பம் உண்டென்று மன்னன் கூறி, அவற்றைக் கொண்டுவரும் மரக்கலம் உடையுமாயின் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும், மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன என்கின்றான். ஏனைய வாணிகச் சரக்கை ஏற்றிய மரக்கலம் உடையுமாயின் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியன. இவ்விதிகள் பரதேசிகளுக்கு அறிவிக்கப்படும் பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் எழுதுவிக்கப்பட்டன. சட்டப்பகுதி முழுவதும் தமிழ். இறுதியில் அரசன் பெயர் கூறும் பகுதி கிரந்த எழுத்திலமைந்த வடமொழி.

இப்பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது, நண்பரின் மகள், எட்டாம் வகுப்பிற் கற்பவள், "கப்பல் உடைஞ்சு நட்டப்பட்டு நிக்கிறவனிட்டை ராசா ஏன் மாமா பாதியை எடுக்கிறார்? இது என்ன நீதி?" என்று வினவினாள். மிக நியாயமான வினா. சாசனத்தைத் தனியே வைத்து நோக்குமிடத்து அதன் விதி கொடிதாகவே தோன்றும். அக்காலத்து உலக வழக்கோடு ஒப்புநோக்குமிடத்தே அதன் தன்மை புலப்படும்.

இடைக்காலத்திற் கரையொதுங்கிய கலமும் சரக்கும் அக்கரைக்குரிய அரசனின் உடைமையெனக் கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் நிலவியது. தெலுங்கு நாட்டுக் காகதீய மன்னன் கணபதிதேவன், ஏறத்தாழ 1244ஆம் ஆண்டளவில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்திற் பொறிப்பித்த அபய சாசனம் இதனை வெளிப்படையாகக் கூறும். முன்னைய மன்னர்கள், புயலில் அகப்பட்டு உடைந்து கரையொதுங்கிய கலங்களின் பொன், யானை, குதிரை முதலியன அனைத்தையும் வலிந்து கவர்ந்தனரென்றும், தான் உரிய சுங்கம் ஒழிந்த யாவற்றையும் வணிகர்க்கே விட்டுவிடுவதாகவும் அம்மன்னன் அறிவித்தான். இங்கிலாந்திலும் 1275ஆம் ஆண்டின் வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டமே இவ்வுரிமைக்கு ஓர் எல்லை வகுத்தது. உடைந்த கலத்திலிருந்து மனிதனேனும் நாயேனும் பூனையேனும் உயிருடன் தப்புமாயின் அதனை ஆளற்ற உடைகலமாகக் கொள்ளலாகாது என்றும், ஓராண்டும் ஒரு நாளும் பொருளைக் காத்து, உரியவன் வரின் கொடுத்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. ஊராத்துறைச் சாசனம் இவ்விரண்டுக்கும் முற்பட்டது. முழுவதையும் கவரும் வழக்கம் பரவியிருந்த ஓர் உலகில், அரசன் தன் கைக்குத் தானே வரம்பிட்டுக்கொண்டான் என்பதே இதன் சிறப்பு. உடையவனின் பங்கு இன்னதென முன்னரே எழுதப்பட்டபின், துறையதிகாரி எவனும் தன் விருப்பப்படி கவர்தல் இயலாது. கடலின் இடர் நீங்காவிடினும் கரையின் இடர் அளவுக்குட்பட்டது. எழுதப்பட்ட சட்டத்தின் பயன் இதுவே என்று அச்சிறுமிக்குக் கூறினோம். "அப்ப கல்லிலை எழுதினது ராசாவுக்கும் சேர்த்துத்தான்" என்றாள் அவள். அதனினும் சுருக்கமாக யாமும் கூறியிருத்தல் இயலாது.

யானைக்கும் குதிரைக்கும் வேறு விதி வகுத்தமைக்கும் காரணம் உண்டு. நூறு பொன் பெறுமதியான பட்டும் பீங்கானும் மீட்கப்படின் உடையவன் பெறுவது 50. அதே பெறுமதியான குதிரைகள் மீட்கப்படின் அவன் பெறுவது 75. உயிருள்ள விலங்கைக் கடல் கடந்து கொணர்தல் இடர் மிக்கது. இடர் மிக்க வணிகத்துக்குச் சலுகை வேண்டும் என்னும் பொருளியல் உண்மையை அவ்விதி உணர்த்துகின்றது. படைக்கு வேண்டிய நற்குதிரை இலங்கையிற் கிடைத்திலது. யானை மலிந்த இலங்கைக்கு வெளிநாட்டு யானை எதற்கு என்று சிலர் ஐயுறலாம். அவ்வையத்துக்குச் சூளவம்சம் விடை தருகின்றது. பராக்கிரமபாகு இராமஞ்ஞ தேசத்தின்மீது, அஃதாவது இன்றைய மியன்மாரின்மீது, படையனுப்பியமைக்குரிய காரணங்களுள் அந்நாட்டரசன் யானை வாணிகத்துக்கு இடையூறு விளைத்தமையும் ஒன்றாக அந்நூல் கூறும். ஆகவே பராக்கிரமபாகுவின் காலத்தில் யானை கடல்வழியே இலங்கைக்கு வந்தது என்பது இரு சான்றுகளாலும் உறுதிப்படுகின்றது.

சாசனம் வெறும் விருப்பத்தைக் கூறுகின்றதோ, உண்மையில் வணிகர் வந்தனரோ என்னும் வினாவுக்கு மண் விடை கூறியுள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குச் செல்லும் வழியிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டு சீனத்து மட்கலங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து சுங் வமிசத்துக்குரியனவென முடிவு செய்தார். 2018ஆம் ஆண்டில் இலங்கை மத்திய கலாசார நிதியமும் சீனாவின் ஷாங்காய் அரும்பொருளகமும் இணைந்து நிகழ்த்திய அகழ்வும் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்த சீனக் கலங்களை வெளிப்படுத்தியது. தென்சீனத்துக் குவாங்டொங் சூளைகளிற் சுடப்பட்ட கலங்கள் அவற்றுட் பல. இன்று பேருந்தில் அமர்ந்து பனங்கூடலையும் உவர்நிலத்தையும் நோக்கிச் செல்லும் நாம், ஒரு காலத்திற் குவாங்டொங் சூளைக்காரன் கைத்தொழில் வந்திறங்கிய கரையையே கடந்து செல்கின்றோம். பராக்கிரமபாகு இல்லாத ஒரு வணிகத்தைக் கனவு கண்டிலன். முன்பே வந்துகொண்டிருந்த வணிகரைத் தன் துறையில் நிலைநிறுத்த விழைந்தான்.

அரசன் தன் சட்டத்தைத் தமிழில் எழுதுவித்தமை பற்றி அறிஞர் பலவாறு எழுதியுள்ளனர். அவன் சிங்கள வேந்தன், பௌத்தத்தைப் பேணியவன். எனினும், துறையில் வழங்கிய மொழியும் அங்கு வந்துகூடிய வணிகர் அறிந்த மொழியும் தமிழாயிருந்தமையின் அவன் தமிழைத் தேர்ந்தான் எனக் கொள்ளுதலே பொருத்தமாகும். சட்டம், அதனைப் படித்து நடத்தல் வேண்டியவர்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதை 12ஆம் நூற்றாண்டரசன் ஒருவன் உணர்ந்திருந்தான். இந்நாட்டின் பிற்கால வரலாற்றை அறிந்தார்க்கு இவ்வுண்மையை விரித்துரைத்தல் வேண்டா.

அதே மன்னன் காலத்தில் இத்துறைக்கு வேறொரு முகமும் உண்டாயிற்று. பாண்டிநாட்டு அரசுரிமைப் போரிற் பராக்கிரமபாகு தலையிட்டமையால் அவனுக்கும் சோழர்க்கும் பகை மூண்டது. இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் முதலான இடங்களில் ஈழத்தரசன் படைகளைத் திரட்டிக் கலங்களைக் கட்டுவித்தான் எனக் கூறும். அதனையறிந்த சோழர் தலைவன் அண்ணன் பல்லவராயன், இலங்கை அரசுரிமைக்குப் போட்டியிட்ட சீவல்லவனைப் படையுடன் அனுப்பினான். அப்படை அவ்விடங்களை அழித்து யானைகளையும் கவர்ந்து சென்றது. வணிகனைக் காப்போம் என்று உறுதி கூறப்பட்ட துறையே போர்க்கலம் கட்டும் துறையுமாயிற்று; போர்க்கலம் கட்டப்பட்டமையாலேயே பகைவர்க்கு இலக்குமாயிற்று. ஒரு துறையின் வாழ்வும் தாழ்வும் அதனை ஆள்வோர் அதனை எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பதைப் பொறுத்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையை யானைகளின் துறை என வழங்கினர். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவுக் கடல்வழியைக் கடத்திக் கொணரப்பட்டு இங்கிருந்து ஏற்றுமதியாயின. 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் அவ்வணிகத்தைத் தொடர்ந்தனர். வன்னியர் தலைவர்கள் அவர்களுக்குத் திறையாகச் செலுத்தியதும் யானையே. கோல்கொண்டா, வங்காளம் முதலிய இடங்களின் வணிகர் யாழ்ப்பாணத்துக்கு வந்து அவற்றை வாங்கினர். 12ஆம் நூற்றாண்டில் யானை வந்திறங்கிய துறையிலே 17ஆம் நூற்றாண்டில் யானை ஏறிச் சென்றது. முன்னது, அரசன் தன் பங்கைக் குறைத்து வணிகனை அழைத்ததன் பயன். பின்னது, ஆட்சியாளர் திறையாகப் பெற்றதைத் தம் இலாபத்துக்கு விற்றதன் விளைவு.

துறைமேடையில் நின்று நோக்குவோர்க்குக் கடற்காலின் நடுவே எண்கோண வடிவிலமைந்த கடற்கோட்டை தோன்றும். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டை, 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது குடிநீரின்மையாற் சரணடைந்தது. சுற்றிலும் நீர் நிற்க நீர்வேட்கையாற் கோட்டை வீழ்ந்தது என்பதைக் கேட்ட பிள்ளைகள் நெடுநேரம் அதனையே பேசினர். ஒல்லாந்தர் அதனைப் புதுக்கி ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். இலங்கைப் படம் உப்பிட்ட பன்றித் தொடையை ஒத்திருப்பதாகவும், இவ்விடம் அதன் குதிகால் போல்வதாகவும் அவர்கள் கருதினமையே அப்பெயர்க்குக் காரணம். சிங்களப் பெயரிலும் பன்றி, ஒல்லாந்தப் பெயரிலும் பன்றி வந்து அமைந்தமை தற்செயலே. அவ்வொல்லாந்தர் வேலணைத் தீவுக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் எனத் தம் ஊர்ப்பெயர்களையெல்லாம் சூட்டினர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் என்னும் பெயரே ஆங்கில வழக்கில் நிலைத்தது. ஏனையவை மக்கள் நாவில் ஏறாது மறைந்தன.

1795இல் வந்த ஆங்கிலேயர் காலத்தில் இத்துறை முற்றாக அழிந்ததன்று. பாய்க்கலங்கள் தென்னிந்தியாவிலிருந்து அரிசியும் ஓடும் கொணர்ந்தன. புகையிலையும் பனைமரமும் கொண்டு சென்றன. ஆனால் நீராவிக் கப்பலுக்கு ஆழ்ந்த துறை வேண்டியிருந்தது. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை இருப்புப்பாதை நிறைவுற்றபின், தீவின் பொருள்கள் கொழும்பை நோக்கி ஓடின. காற்றை நம்பிய துறை மெல்ல ஒடுங்கிற்று. 1990ஆம் ஆண்டையடுத்து நிகழ்ந்த போரிலும் இடப்பெயர்விலும் தீவகத்து மக்கள் பெருந்தொகையினர் ஊர்விட்டு அகன்றனர். 2009இற்குப் பின்னரும் பலர் மீண்டிலர். கூரையற்ற கல்வீடுகளும், மதிலை மூடிய பற்றைகளும் கரம்பன் வீதியில் இன்றும் அதனைக் கூறி நிற்கின்றன. கடற்கோட்டையோ கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியாகியுள்ளது.

கோட்டையைக் காண்பதற்குப் பயணிகள் பலர் வருகின்றனர். நயினாதீவுக் கல்லைக் காண்போர் மிகச் சிலர். ஆலயத்துக்கு நாள்தோறும் வருவோர் பல நூற்றுவராயினும் அக்கல்லின் அருகே நின்று அது யாதென வினவுவோர் அரியர். எழுத்துக்கள் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டிருக்கின்றன. அறிஞர் படித்து அச்சிட்டுவிட்டனர் என்பது உண்மையே. எனினும், அச்சிட்ட பாடம் நூலகத்தில் உறங்க, கல் கரைந்துபோகுமாயின் அதற்குப் பழி நம் தலைமுறையைச் சாரும். வரலாறு கற்கும் உயர்தர வகுப்பு மாணவர் ஆண்டுதோறும் ஒருமுறை இவ்விரண்டிடங்களுக்கும் அழைத்துச் செல்லப்படல் வேண்டும். தக்க அனுமதியுடன் புகைப்படமும் மைப்படியும் எடுத்துக் கல்லூரி நூலகத்தில் வைத்தல் வேண்டும். கல்லின் அருகே அதன் பொருளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு பலகை நிறுத்தப்படின் இருமொழியாளரும் பயன்பெறுவர். பழைய மாணவர் சங்கத்தார்க்கு இவை பெருஞ்செலவாகா.

மாணவர்காள்! கோட்டை அச்சத்தின் அடையாளம். அதனைக் கட்டியவன் வருவோரை ஐயுற்றான். ஊராத்துறைச் சாசனமோ நம்பிக்கையின் அடையாளம்; அதனை எழுதுவித்தவன் வருவோர்க்கு உறுதி கூறினான். இவ்விரண்டையும் கண்ட இத்துறை, கோட்டைகள் எழுந்த காலத்திலன்றி உறுதிமொழி எழுதப்பட்ட காலத்திலேயே உலக வணிகரைத் தன்பால் அழைத்தது. அயலான் ஒருவனின் உடைந்த கலத்திலும் அவனுக்கு உரிய பங்கு உண்டென்று, அவன் அறிந்த மொழியில், ஆள்வோனே எழுதித் தந்த கல் நம் மண்ணில் இன்றும் நிற்கின்றது. எழுத்து முற்றாக மறையுமுன் அதனைச் சென்று படிமின்.